பஸ்தா, பாஸ்தா

அன்று காலை பல்கலைக்கழகத்தில் அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பயிற்சிக்காரர். முந்திப் பொலிசில் இருந்தவர். அடிக்க வருகிறவனிடம் எப்படித் தப்புவது என்று படிப்பிக்கிறவர்களுக்குப் பழக்க வந்தவர். கழுத்தும் தலையும் ஒரே அகலம்.

பௌதிகம் படிப்பிக்கும் கிழப் பேராசிரியர். வாய் திறந்தால் பகிடி.

புதிதாக வந்த இளம் விரிவுரையாளர். கைபேசியை விட்டுக் கண் எடுக்காதவர்.

அலுவலகப் பெண். யார் என்ன செய்தாலும் பிறகு தன் தலையில்தான் விழும் என்ற முகம்.

இரசாயனம் படிப்பிக்கும் அம்மா. இங்கே சிஞ்ஞோரா என்பார்கள். இடது புருவத்துக்கு மேலே தழும்பு. இந்தப் பயிற்சி நடந்ததே அவருக்கு நடந்ததால்தான்.

கதவடியில், என்னோடு துப்புரவு வேலை செய்யும் மன்னார்த் தங்கச்சி. கையில் வாளி.

பிறகு நான். கதிரை அடுக்க வந்தவன்.

தங்கச்சியையும் என்னையும் விட்டால் மற்ற எல்லாரும் கதைத்தது இத்தாலியனில். எனக்கு விளங்கியபடி தமிழில் எழுதுகிறேன்.

சிஞ்ஞோராவுக்கு நடந்ததை நான் கண்ணால் கண்டேன். மாரி காலம். வாய்மொழிப் பரீட்சை நடந்த நாள். நான் அந்த மாடியின் நடைபாதையில் நிலம் துடைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பொடியன் பரீட்சையில் விழுந்துவிட்டான். முதல் தரம் இல்லை. சிஞ்ஞோரா அறையைப் பூட்டிவிட்டுத் திரும்பினார். அவன் கையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஓங்கி முகத்தில் அடித்தான். அவர் சுவரோடு சரிந்தார். சரிந்த பிறகும் அடித்தான். சத்தம் பெரிதாக இல்லை. ஈரத் துணியை நிலத்தில் போட்ட மாதிரி ஒரு சத்தம்.

நான் ஓடிப்போய் அவன் இடுப்பைப் பிடித்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தான். பல்லொன்று ஆடியது. பிறகு ஆட்கள் வந்துவிட்டார்கள். பொலிஸ் வந்து அவனைக் கொண்டுபோனது. அம்புலன்ஸ் அவரைக் கொண்டுபோனது. நிலம் எனக்கு மிஞ்சியது. இரத்தம் பளிங்கில் பிடிக்காது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் இருக்கும் கோட்டில் பிடிக்கும். பழைய பல்தூரிகையால் உரஞ்சி எடுத்தேன்.

முகம் ஆறி அவர் வேலைக்குத் திரும்பி வந்தார். ஆனால் வகுப்பறைக்குள் போகவில்லை. போக முடியவில்லை. நான் கண்டிருக்கிறேன். கதவடிக்கு வருவார். கைப்பிடியைப் பிடிப்பார். உள்ளே பிள்ளைகள் கதைக்கிற சத்தம் கேட்கும். கையை எடுத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போவார். தண்ணீர் ஓடும். அவருடைய பாடத்தை வேறொருவர் படிப்பித்தார்.

ஒருநாள் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு ரெண்டு வழிதான் விட்டிருக்கினம். இந்தப் பயிற்சியை முடிச்சால் என்ர வகுப்பு திரும்பக் கிடைக்கும். முடிக்காட்டி நூலகத்தில ஒரு மேசை. பென்சன் வரைக்கும்."

"மேசை நல்லதுதானே, சிஞ்ஞோரா. இருந்துகொண்டு வேலை."

"நீங்கள் இருந்துகொண்டு செய்வியளோ உங்கட வேலையை?"

அவர் சிரித்தார். அந்தத் தழும்பு சிரிப்பை ஒரு பக்கமாக இழுத்தது.

அவர் ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற மீன்பிடி ஊர் ஆள். தகப்பனுக்கு அங்கே கடலோரம் சின்னச் சாப்பாட்டுக்கடை. எட்டுக்கால் கணவாயைக் கல்லில் அடித்து மெதுவாக்குவது சின்ன வயதில் இவருடைய வேலையாம். "அடிக்காட்டிச் சப்பேலாது," என்றார். அந்தக் கையால் பிறகு சோதனைக்குழாய் பிடித்தார்.

பயிற்சி இரண்டு நாள். முதல் நாள் பேச்சு. புள்ளி சொல்லும்போது கதவு திறந்திருக்க வேண்டும். மேசை நடுவில் இருக்க வேண்டும். மாணவன் குரலை உயர்த்தினால் நாம் இறக்க வேண்டும். தோளைத் தொடக் கூடாது. பயிற்சிக்காரர் சொல்லச் சொல்ல எல்லாரும் எழுதினார்கள். கிழப் பேராசிரியர் எழுதவில்லை.

"நாப்பது வருசம் படிப்பிச்சனான்," என்றார். "என்ர வகுப்பில ஒருத்தனும் கை ஓங்கேல்லை. ஏனெண்டால் முழிச்சிருந்தவன் ஒருத்தனும் இல்லை."

சிஞ்ஞோராவும் சிரித்தார்.

இரண்டாம் நாள் செய்து பார்க்கிற நாள். பயிற்சிக்காரருக்கு ஓர் உதவியாள் உண்டு. பஞ்சு வைத்த உடுப்புப் போட்டுக்கொண்டு அடிக்க வருவது அவன் வேலை. அன்று அவனுக்குக் காய்ச்சல். உடுப்பு மட்டும் வந்தது. பயிற்சிக்காரர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கிழவரைப் பார்த்தார். இளம் ஆளைப் பார்த்தார். அந்த இளம் ஆளோ கைபேசியைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நீ வா. நல்ல உடம்பு."

"அவர் துப்புரவுக் கொம்பனி ஆள்," என்றார் அலுவலகப் பெண். "ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?"

"பத்து நிமிசம். என்ன நடக்கப்போகுது?"

சிஞ்ஞோரா என்னிடம் கேட்டார். "உங்களுக்கு விருப்பமோ? இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ."

ஓமென்று தலையை ஆட்டினேன். அவர் இந்தப் பயிற்சியை முடிக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அது நடக்காது. வேறு யோசிக்கவில்லை.

அந்த உடுப்பு என்னைவிடப் பெரிய ஆளுக்குத் தைத்தது. நெஞ்சுப் பட்டை தளர்ந்து ஒரு பக்கமாகச் சுழன்று நின்றது. விலா வெளியே தெரிந்தது. தலைக்கவசம் மூக்கை மூடியது. மூச்சு முட்டியது.

தங்கச்சி கதவடியில் நின்று வாயைப் பொத்தினாள்.

"அண்ணை, மெத்தைக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு."

"போடி, வேலையைப் பார்."

பயிற்சிக்காரர் விதி சொன்னார். நான் உள்ளே வந்து சிஞ்ஞோராமேல் பாய வேண்டும். அவர் மேசையைத் தள்ளி, கதிரையைக் குறுக்கே பிடித்து, கதவுக்குப் போக வேண்டும். அடிக்க வேண்டி வந்தால் அடிக்கலாம். உடுப்பு தாங்கும்.

"இவன் 'பஸ்தா' எண்டு சொன்னால் உடனை நிப்பாட்டவேணும். சொல்லுமட்டும் நிப்பாட்டக்கூடாது. அரைவாசியில விட்டால் எதிரி எழும்பி வருவான். விளங்குதோ?"

பஸ்தா என்றால் இத்தாலியனில் 'போதும்' என்று அர்த்தம். இந்தச் சொல்லில் எனக்கு ஒரு பழைய கரைச்சல் உண்டு. வந்த புதிதில் கால்சா என்ற பழைய பகுதியில் ஒரு கிழவி வீட்டில் வேலை. முதல் நாள் மத்தியானம் கோப்பையில் பாஸ்தா போட்டார். மலை மாதிரிப் போட்டார். நான் கையை நீட்டிப் பஸ்தா என்றேன். இன்னும் போட்டார். பஸ்தா, பஸ்தா என்றேன். சந்தோசப்பட்டுச் சட்டியை வழித்துப் போட்டார். அவர்களுக்கு அந்த இரண்டு சொல்லும் வேறு வேறு எழுத்தில் தொடங்கும். எங்களுக்கு ஒரு ப-தானே. போதும் என்பதும் சாப்பாடும் எங்கள் வாயில் ஒன்றாகத்தான் வரும். எழுதும்போது ஒன்றுக்குக் கால் போடுகிறேன். வாயில் அந்தக் கால் இல்லை. அந்த வீட்டை விட்டுப் போகும்வரை எனக்கு இரட்டைக் கோப்பைதான். பிறகு அந்தச் சொல்லை நான் சொல்வதில்லை. கையைக் காட்டுவேன்.

முதல் தரம் நான் உள்ளே போனபோது சிஞ்ஞோரா உறைந்து நின்றார். இரண்டு கையாலும் தலையை மூடினார். அப்படியே சுவரோடு கீழே இறங்கினார். நான் அவரைத் தொடவே இல்லை.

"இவன் தேத்தண்ணி கொண்டுவாற மாதிரி வாறான்," என்றார் பயிற்சிக்காரர். "அவவுக்கு ஒண்டும் வராது. கோவமா வா. கத்து. உன்ர பாஷையில கத்து. இதைப் பிடி."

தன்னுடைய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை எடுத்து என் கையில் தந்தார்.

கிழவர் எழும்பினார். "இது தேவையோ?"

"இது இல்லாட்டி நூலகம்தான்," என்றார் பயிற்சிக்காரர். சிஞ்ஞோராவைப் பார்த்துக் கேட்டார். "வெளிக்கிடுவமோ?"

அவர் நிலத்திலிருந்து எழும்பிப் பாவாடையைத் தட்டினார். முகம் வெள்ளை. "இல்லை. திரும்பச் செய்வம்," என்றார்.

நான் வெளியே வந்து தலைக்கவசத்தைக் கழற்றினேன். அதைப் போட்டுக்கொண்டு கத்தினால் சத்தம் வெளியே வராது. என்னத்தைக் கத்துவது என்று தெரியவில்லை.

"மனிசியை ஏசிற மாதிரி ஏசுங்கோ, அண்ணை."

"அவதானே என்னை ஏசிறது."

கதவை உதைத்துக்கொண்டு உள்ளே போனேன். வாயைத் திறந்தேன். தமிழ் வரவில்லை. சிங்களம் வந்தது. ஒருகாலம் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, தலைக்கு மேலே நின்று ஆமிக்காரர் கத்திய சொற்கள் அப்படியே வந்தன. அர்த்தம் முழுதும் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றும் சரியான இடத்தில் வந்தது. தங்கச்சியின் சிரிப்பு நின்றது. அவளுக்கும் அந்தச் சொற்கள் தெரியும்.

ஹெல்மெட்டை ஓங்கினேன்.

சிஞ்ஞோரா மேசையைத் தள்ளவில்லை. கதவுக்கும் போகவில்லை. பக்கத்தில் மடித்து வைத்திருந்த இரும்புக் கதிரையை எடுத்தார். நான் அடுக்கிய கதிரை. அதன் விளிம்பு என் புருவத்தில் விழுந்தது. கண்ணுக்குள் சூடாக இறங்கியது. ஹெல்மெட் உருண்டு போனது. அடுத்த அடி விலாவில். உள்ளே காய்ந்த தடி முறிகிற மாதிரி ஒன்று முறிந்தது. நான் விழுந்தேன்.

விழுந்தவுடன் உடம்பு தன் பாட்டில் சுருண்டது. முழங்கால் வயிற்றோடு. கை பிடரியில். வாய் மூடிக்கொண்டது.

நான் ஆமியின் தடுப்பு முகாமில் இருந்தவன். அதை முழுக்க இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும். அங்கே கத்தினவனுக்குக் கூட விழும். கத்தாதவனை அவர்கள் அலுத்துப்போய் விடுவார்கள். அதனால் கத்தாமல் இருக்கப் பழகினேன். அந்தப் பழக்கம் போகவில்லை. பல்லுப் பிடுங்கினாலும் எனக்குச் சத்தம் வராது.

இங்கே விதி மறுபக்கம். கத்தினால்தான் நிற்கும். அது என் தலைக்குத் தெரியும். வாய்க்குத் தெரியவில்லை.

அவர் அடித்தார். கதிரையைத் தலைக்கு மேலே தூக்கி நேராக இறக்கினார். தூக்கி இறக்கினார். ஒரே அளவு, ஒரே இடைவெளி. கல்லில் கணவாய் அடிக்கிற அடி. ஒவ்வொரு அடிக்கும் அவர் வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. என்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. முதுகு, விலா, கை. விரலொன்று நசிந்தது. நிலத்தில் என் இரத்தம் கோட்டுக்குள் போவதைப் பார்த்தேன்.

"நல்லா நடிக்கிறான்," என்று பயிற்சிக்காரர் சொன்னது கேட்டது.

"அண்ணை!" தங்கச்சி வாளியைப் போட்டாள். தண்ணீர் அறை முழுக்க ஓடியது. "அண்ணை, சொல்லுங்கோவன்! வாயைத் திறந்து சொல்லுங்கோ! ஐயோ மாதாவே, சாகப்போறார்!" நான் சொல்லவில்லை. அவளே கத்தினாள். "பாஸ்தா! பாஸ்தா! பாஸ்தா!"

கதிரை மேலே நின்றது.

சிஞ்ஞோரா திரும்பி அவளைப் பார்த்தார். ஒரு மனிதனை அடித்துக் கொல்லுகிற இடத்தில் ஒருத்தி சாப்பாட்டின் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள். கிழவர் வாய் திறந்தபடி நின்றார். பகிடி வரவில்லை. சிஞ்ஞோரா கதிரையை மெதுவாகக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். குப்பைக் கூடைக்குள் வாந்தி எடுத்தார்.

அதன்பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். பயிற்சிக்காரர் உடுப்பை என் உடம்பிலிருந்து உரிந்தார். மெதுவாக இல்லை.

"ஏணியில இருந்து விழுந்தவன். சரியோ? பல்ப் மாத்தப் போய் விழுந்தவன்."

"ஏணி எங்கை?" என்றார் அலுவலகப் பெண்.

"கொண்டுவந்து வை."

"இல்லை," என்றார் சிஞ்ஞோரா. வாயைத் துடைத்தார். "நான்தான் அடிச்சனான்."

"உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன். இப்பிடிச் சொன்னால் வகுப்பை மறந்துவிடுங்கோ."

"நான்தான் அடிச்சனான்," என்றார் மறுபடி. தன் காரில் என்னை ஏற்றினார். என் தலையைத் தன் கழுத்துச் சால்வையால் அமத்திப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டினார். வழியில் ஒருவர் ஒலியெழுப்பி ஏசினார். சிஞ்ஞோரா கண்ணாடியை இறக்கித் திருப்பி ஏசினார். அப்படி ஏசத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை.

அவசரப் பிரிவில் வைத்தியர் விலாவை அமத்தினார். நோகும்போது சொல்லச் சொன்னார். அமத்திக்கொண்டே போனார்.

"இவர் சொல்லமாட்டார்," என்றார் சிஞ்ஞோரா. "இவர் சொல்லவே மாட்டார். காலைப் பாருங்கோ. கால்விரல் சுருளுது."

வைத்தியர் காலைப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார். விலா முறிந்திருந்தது. புருவத்தில் தையல் போட்டார். ஆஸ்பத்திரியில் இருக்கும் பொலிஸ்காரர் வந்து யார் அடித்தது என்று கேட்டார். சிஞ்ஞோரா வாயைத் திறக்க முன்னம் நான் சொன்னேன். "பயிற்சி." அவர் எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை என்று போய்விட்டார்.

வீட்டில் மனிசி தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"ஆமிக்காரனுக்குத் தப்பி, கடல் தாண்டி வந்து, கடைசியில ஒரு ரீச்சரிட்ட அடி வாங்கிக்கொண்டு வாறியள்."

"நல்ல ரீச்சர்."

"அது தெரியுது. முகத்திலயே எழுதியிருக்கிறா."

சாப்பிடும்போது கோப்பையைப் பிடித்துக்கொடுத்தாள். சிரித்தால் விலா நொந்தது. சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தாள்.

பயிற்சிக்காரர் யாருக்கும் ஒன்றிலும் கையெழுத்துப் போடாமல் அன்றே போய்விட்டார். அடுத்த கிழமை இரசாயனப் பகுதித் தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மெலிந்த மனிதர். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். சிஞ்ஞோரா என் பக்கத்தில் நிமிர்ந்து இருந்தார். கை மடியில் கிடந்தது.

"நான் வெளிப்படையாக் கேக்கிறன்," என்றார் தலைவர். "ஒரு தடவை கை நீட்டினவவை நான் எப்பிடிப் பிள்ளையளுக்கு முன்னால விடுறது? நாளைக்கு ஒருத்தன் சத்தம் போட்டால் அவனுக்கும் கதிரையோ?"

தலைவர் என்னைப் பார்த்தார்.

"நீங்கள் சொல்லுங்கோ. பயிற்சியில ஒரு சொல் வைச்சிருந்தவையாமே. அதைச் சொன்னதும் நிப்பாட்டினவவோ?"

"இல்லை," என்றேன்.

சிஞ்ஞோரா கண்ணை மூடினார்.

"அந்தச் சொல்லை ஒருத்தரும் சொல்லேல்லை," என்றேன். "எனக்கு வாய் வரேல்லை. பழக்கம். எங்கட தங்கச்சி சொல்லப் போய் பிழையாச் சொல்லிப்போட்டாள். பாஸ்தா எண்டு கத்தினவள்."

"பாஸ்தா?"

"ஓம். சிஞ்ஞோரா அதுக்கே நிப்பாட்டிப்போட்டா."

தலைவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார். உதட்டைக் கடித்தார். தோள் குலுங்கியது. முதலில் அவர் சிரித்தார். பிறகு சிஞ்ஞோரா. சிரித்து முடிய அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை.

தலைவர் கண்ணாடியைப் போட்டார். "ஈஸ்டருக்குப் பிறகு ஒரு வகுப்பு தாறன். இது கட்டாயப் பாடம் இல்லை, பிள்ளையள் விரும்பினால் வருவினம். பயந்தால் வராயினம். இருபது பேர் வராட்டி வகுப்பை மூடுவன். பிறகு நூலகம். சம்மதமோ?"

"சம்மதம்," என்றார் சிஞ்ஞோரா.

கதை அதற்குள் ஊரெல்லாம் போய்விட்டது. கபோச் சந்தையில் மீன் விற்கிறவன்கூட என்னைக் கேட்டான், உன் எலும்பை உடைத்த ரீச்சர் எப்படி இருக்கிறா என்று. அவன் சொன்ன கதையில் கதிரை மூன்று கதிரையாகியிருந்தது.

வகுப்பு நாள். எனக்கு இன்னும் வாளி தூக்க முடியாது. நெஞ்சைச் சுற்றிக் கட்டு. அறைகளைத் திறந்துவிடுவது மட்டும் வேலை. நடைபாதையில் பிள்ளைகள் நின்றார்கள். உள்ளே போகவில்லை. சிலர் கதவடிவரை வந்து திரும்பிப் போனார்கள்.

"இவதானாம்."

"ஹெல்மெட்டை வெளியில வைச்சிட்டுப் போ, மச்சான்."

ஒருத்தன் என் புருவத்தைப் பார்த்தான். "சிஞ்ஞோர், உங்களுக்கு எத்தினை புள்ளி போட்டவ?"

"பாஸ்," என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி முதலில் உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். பிறகு யார் போனார்கள், யார் வீட்டுக்குப் போனார்கள் என்று நான் பார்க்கவில்லை. சிஞ்ஞோரா வந்துவிட்டார்.

கைப்பிடியைப் பிடித்தார். உள்ளே சத்தம் கேட்டது. அவர் கை அங்கேயே இருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உதவி செய்யவில்லை. கதவு திறந்தது. மூடியது. உள்ளே எல்லாச் சத்தமும் நின்றது.

பிறகு அவர் குரல். தாழ்ந்த குரல். ஆட்களை எண்ணத் தொடங்கினார். அவர் இத்தாலியனில் எண்ணினார். நான் வெளியே தமிழில் எண்ணினேன். பதினெட்டில் குரல் நின்றது. கதிரை ஒன்று இழுபட்டது. யாரோ பின்வரிசையிலிருந்து, நாங்களும் இருக்கிறோம் என்றார்கள். அவர் தொண்டையைச் செருமினார். விட்ட இடத்திலிருந்து எண்ணினார். முடிந்ததும் கடைசி எண்ணை இன்னொரு தரம் உரத்துச் சொன்னார்.

இருபத்து மூன்று.